மேல்மண் போன காட்டுக்கு எதை அடிப்பது? கழிவுநீர்க் கசடும் நம்மூர் எருக்களும்: ஓர் ஒப்பீடு

காங்கயத்துக்கு மேற்கே எங்கள் பங்காளி ஒருவருக்கு மூன்று ஏக்கர் செவக்காடு இருக்கிறது. அதில் ஏறத்தாழ ஓர் ஏக்கரில், அவருடைய தகப்பனார் காலத்தில் சாலை வேலைக்கு மண் எடுக்க விட்டதில், மேல்மண் முழுவதும் லாரியில் ஏறிப் போய்விட்டது. இன்று அங்கே மிஞ்சியிருப்பது சரளையும் சுக்கானும்தான். கடப்பாரையைப் போட்டால் நான்கு விரற்கடைக்குக் கீழே இறங்காமல் 'ணங்' என்று எழும்புகிறது. ஐப்பசி மழையில் ஓடும் தண்ணீர் கலங்கலாக ஓடக்கூட அங்கே மண் இல்லை. மற்ற இரண்டு ஏக்கர் அவ்வளவு கெட்டுப்போகவில்லை என்றாலும், மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் (மட்கிய பொருளில் உள்ள கார்பன்) 0.3 சதவீதம் என்றே வந்தது. ஆய்வகங்கள் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே 'குறைவு' என்று எழுதிக் கொடுத்துவிடும்.

கொங்கு நாட்டில் எருவுக்குக் குப்பை என்றுதான் பேர். அதை நிலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குக் குப்பை அடிப்பது என்று பேர். சென்ற சித்திரையில் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "ஏனுங்கண்ணா, சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்ற எடத்துல அந்த மண்டி மலையாட்டம் கெடக்குதாமுங்க. மாட்டுக் குப்பை வாங்கிக் கட்டுபடியாகுமுங்களா? அதையே நாலு லோடு அடிச்சுப்போட்டா என்னங்க?"

கேள்வி எளிதாக இருந்தாலும், கசடு நல்லதா கெட்டதா என்று பொத்தாம் பொதுவில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த ஊர்ச் சாக்கடையிலிருந்து வந்த கசடு, எந்த நிலத்துக்குப் போகிறது, அந்த நிலத்தில் பிறகு என்ன விளையப்போகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மற்ற எருக்களோடு அதை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வரலாம். அவருடைய இரண்டு ஏக்கருக்கும் ஓர் ஏக்கருக்கும் விடை வேறுவேறாகத்தான் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதால், ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் நம்மிடம் ஏற்கெனவே இருப்பவற்றைப் பார்த்துவிடலாம். மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு எரு என்பது வேளாண்மைத் துறையின் வழக்கமான பரிந்துரை. ஏக்கருக்கு ஐந்து டன் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டுத்தரையில் பத்து மாடு நின்ற காலத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு மாடு நிற்கும் இன்றைக்கு மூன்று ஏக்கருக்கும் வெளியில் வாங்கித்தான் ஆக வேண்டும். அதைவிடக் காங்கயம் பக்கத்துக்குப் பொருத்தமானது ஆட்டுப்பட்டி அடைப்பது. மூங்கில் படலை நாள்தோறும் இடம் மாற்றி மாற்றிப் போட்டால், புழுக்கையும் மூத்திரமும் சுமைகூலி இல்லாமல் நிலத்திலேயே விழுந்துவிடும். கொறங்காடு என்னும் மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் வைத்து, ஆடுமாட்டை மேயவிட்டே மண்ணைக் காத்துவந்த வட்டாரத்தில் இதை யாருக்கும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. குறை என்னவென்றால், ஆடு அடைக்க அந்த இடத்தில் கொஞ்சமாவது மேய்ச்சலோ நிழலோ இருக்க வேண்டும். சரளை தெரியும் அந்த ஓர் ஏக்கரில் பட்டி போட எந்த ஆட்டுக்காரரும் மனமுவந்து சம்மதிக்க மாட்டார்.

கொழிஞ்சி, சணப்பு போன்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது செலவு குறைந்த வழிதான். ஆனால் அதற்கு முளைத்து வளர ஒரு மண் வேண்டும். பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணை எருவில் தழைச்சத்து அதிகம், கிடைப்பதும் எளிது. ஆனாலும் பச்சையாகப் போட்டால் 'சூடு' என்று நம்மூரில் சொல்வது வெறும் பேச்சில்லை. அதிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் அதிலுள்ள உப்பும் இளம் வேரைக் கருக்கிவிடும். மட்க வைத்துப் போட்டால் அது நல்ல உரம். ஆனால் மண்ணின் அமைப்பையே மாற்றும் அளவுக்கு அள்ளிக் கொட்டக்கூடிய பொருள் அது இல்லை.

குளத்து வண்டலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செம்மண் காட்டுக்கு அதற்கு ஈடாக ஒன்றை நான் பார்த்ததில்லை. மணற்பாங்கான செவலில் இல்லாத களியை அது கொடுக்கிறது. கொடுத்த களி மட்கிப் போகாது, பல ஆண்டுகள் நிலத்திலேயே இருந்து தண்ணீரைப் பிடித்துவைக்கும். குளங்களிலிருந்து விவசாயத்துக்கு வண்டல் எடுக்கத் தமிழக அரசு வகுத்துள்ள அளவு நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். தொண்ணூறு கன மீட்டர் என்பது நம் லாரிக்கணக்கில் ஏறக்குறைய 32 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). மூன்று யூனிட் டிப்பரில் பதினோரு நடை. அதை ஓர் ஏக்கர் முழுக்கப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேலான படலம் கிடைக்கும். எடுத்ததோ அடிக்கணக்கில், திரும்பி வருவதோ விரற்கடைக்கணக்கில். மேலும் வண்டல் களியைத் தரும் அளவுக்குக் கரிமத்தைத் தராது. நொய்யல் ஆற்றால் நிரம்பும் குளங்களில், அதிலும் கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் கீழே உள்ளவற்றில், நகரத்துச் சாக்கடையும் பல ஆண்டுச் சாயக்கழிவும் வந்து தங்கியிருக்கின்றன என்பதால், அங்கிருந்து வரும் வண்டலையும் பரிசோதிக்காமல் 'இயற்கை' என்று நம்பி அடித்துவிடக் கூடாது. கழிவுநீர்க் கசடைக் கண்டால் மூக்கைப் பிடிக்கிறவர்கள், அதே கழிவுநீர் பல ஆண்டு தேங்கி நின்ற குளத்து மண்ணைக் கைநிறைய அள்ளி முகர்ந்து பார்த்து மெச்சுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இனிக் கசடு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரைத் தெளிய வைத்து, நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைத் தின்னவிட்ட பிறகு அடியில் தங்கும் மண்டிதான் அது. உலர் எடையில் பாதியளவு அங்ககப் பொருளும், சுமார் 2 முதல் 5 சதவீதம் தழைச்சத்தும், நல்ல அளவு மணிச்சத்தும் இருக்கும். சாம்பல்சத்து தண்ணீரோடு போய்விடுவதால் மிகக் குறைவு. ஏக்கருக்குப் பத்து டன் உலர்கசடு போடுவதாகக் கொண்டால், ஐந்து டன் அங்ககப் பொருள் உள்ளே போகிறது. மேலே உள்ள பதினைந்து சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏக்கருக்கு ஏறத்தாழ 850 டன் என்பதால், கரிமம் ஒரேயடியாக 0.3 சதவீதத்துக்கும் மேல் கூடும். அதாவது எங்கள் பங்காளியின் நிலத்தில் இருப்பது இரு மடங்காகும். அதில் பெரும்பகுதி இரண்டு மூன்று ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்றாலும், அதற்குள் புல்லும் வேரும் பிடித்துவிட்டால் அவை மீதியைப் பார்த்துக்கொள்ளும். இவ்வளவு கரிமத்தை ஒரேயடியாகச் சேர்க்கும் அளவுக்கு மற்ற எருக்கள் நமக்குக் கிடைப்பது அரிது என்பதே கசடின் பக்கம் நிற்கும் உண்மையான வாதம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் தன் கசடை உலர்த்தி மூட்டை கட்டி 1926ஆம் ஆண்டு முதல் உரமாக விற்றுவருகிறது; ஆகவே இது புது யோசனையும் இல்லை.

தழைச்சத்தைப் பொறுத்தவரை, 3 சதவீதம் என்று கொண்டால் பத்து டன்னில் 300 கிலோ இருக்கும். முதல் ஆண்டில் அதில் கால்பங்கு அளவே பயிருக்குக் கிடைக்கும். மீதி மெதுவாக வெளிவரும்போது அதை எடுத்துக்கொள்ள வேர் இல்லையென்றால், நைட்ரேட்டாக மாறிப் பக்கத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். பாறை வெடிப்பில் ஊறும் நம் கிணறுகளுக்கு இது சிறு விஷயம் இல்லை.

அடுத்தது கன உலோகங்கள். நகரக் கழிவில் செய்யப்படும் மட்கு உரத்துக்கு நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை வகுத்துள்ள உச்சவரம்பு, கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில், காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, ஈயம் 100, தாமிரம் 300, துத்தநாகம் 1000. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு வந்த கசடு விதிகள் தரமான கசடுக்கே காட்மியத்தை 39 வரையிலும் துத்தநாகத்தை 2800 வரையிலும் அனுமதிக்கின்றன. ஆகவே 'அமெரிக்கத் தரத்துக்கு உட்பட்டது' என்று யாராவது காகிதத்தை நீட்டினால், அதை நம்மூர் அளவுகோலிலும் ஒருமுறை வைத்துப் பார்ப்பது நல்லது. நம் வரம்பின் விளிம்பிலேயே உள்ள கசடைப் பத்து டன் போட்டால் ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாகம் சேரும். நாம் வழக்கமாகப் போடும் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டில் தனித் துத்தநாகம் இரண்டு கிலோதான் என்பதால், இது ஐந்து முறை போட்டதற்குச் சமம். துத்தநாகப் பற்றாக்குறை பரவலாக உள்ள நம் மண்ணுக்கு ஒருமுறை இப்படிப் போடுவது கெடுதல் இல்லை, நன்மையும்கூட. காட்மியம் 50 கிராம் சேரும். 850 டன் மண்ணில் அது மிகச் சிறிய அளவு. சுண்ணாம்பு கலந்த நம் சுக்கான் மண்ணில் இந்த உலோகங்கள் எளிதில் கரைந்து வேருக்குப் போவதுமில்லை. இவையெல்லாம் கசடுக்குச் சாதகமானவை. ஆனால் அங்ககப் பொருள் சிதைந்து போகும், உலோகம் போகாது. ஆண்டுதோறும் போட்டால் நன்மை வட்டியைப் போலக் கரைந்துகொண்டே இருக்க, கெடுதல் மட்டும் முதலாகச் சேர்ந்துகொண்டே போகும். கசடு ஒருமுறை போடும் பொருளே ஒழிய, ஆண்டுக்கு ஆண்டு அடிக்கும் குப்பை அன்று.

இங்கேதான் கொங்கு நாட்டின் தனிச்சிக்கல் வருகிறது. வீட்டுக் கழிவு மட்டும் ஓடும் சாக்கடையின் கசடில் உலோகம் குறைவாக இருக்கும். ஆனால் சந்துக்குச் சந்து முலாம் பூசும் பட்டறையும் வார்ப்பாலையும் சிறு சாயப்பட்டறையும் உள்ள நகரங்களில், சாக்கடைக்குள் என்னென்ன இறங்குகிறது என்பதை அதன் மூடியைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை யாருக்கும் உதவாத நீர்த்தேக்கமாகிப் போனதும் சாயக்கழிவால்தான் என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாயக்கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சும் வேதிக் கசடு சட்டப்படியே அபாயகரமான கழிவு; அது எந்த நிலத்துக்கும் எந்தப் பெயரிலும் போகக் கூடாது. நகராட்சிக் கசடும் அதுவும் காய்ந்த பிறகு கண்ணுக்கு ஒன்றுபோலவே கருப்பாகத்தான் தெரியும் என்பதால், 'சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு' என்ற சொல்லை மட்டும் நம்பி லோடு இறக்கச் சொல்வது தவறு. வீட்டுச் செப்டிக் டேங்குகளிலிருந்து லாரியில் வரும் மலக்கசடை மட்டும் தனியே சுத்திகரித்து உலர்த்தும் நிலையங்களில் கிடைப்பது, உலோகத்தைப் பொறுத்தவரை இவற்றைவிட நம்பத்தக்கது. ஆனால் அதே செப்டிக் டேங்க் லாரி இரவில் நேராகக் காட்டில் திறந்துவிட்டுப் போவது எருவும் அல்ல, சுத்திகரிப்பும் அல்ல.

கிருமிகளைப் பற்றி ஒரு சிறு காட்சியைச் சொல்கிறேன். நான் ஒரு நிலையத்தின் உலர்படுகைகளைப் போய்ப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த கசடு, தண்ணீர் வற்றிய குளத்தடி போலப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வாடை நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பாளங்களின் இடுக்கில், யாரும் விதைக்காமல், தக்காளி நாற்றுகள் வரிசைகட்டி நின்றன. தக்காளி விதை மனிதக் குடலையும் சாக்கடையையும் சுத்திகரிப்புத் தொட்டியையும் கடந்து உயிரோடு வந்துவிடும். நன்றாகச் சூடேறிய மட்கு குவியலை மட்டும் அதனால் கடக்க முடியாது. உருளைப்புழுவின் முட்டையும் அப்படித்தான்: மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து பிழைக்கும், 55 டிகிரிக்கு மேலான சூட்டில் சாகும். குவியலாகப் போட்டு மட்கச் செய்தால் 55 டிகிரிச் சூடு பதினைந்து நாள் நிலைக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதி. அகமதாபாத் மாநகராட்சி 2019 முதல் கசடைக் காமாக் கதிரால் கிருமி நீக்கம் செய்கிறது. அது கிருமியைக் கொல்லுமே தவிர உலோகத்தை ஒன்றும் செய்யாது.

அரைகுறையாகக் கிருமி நீங்கிய கசடைப் போட்ட நிலத்தில், மண்ணுக்கு அடியில் விளையும் உணவுப் பொருளை அறுவடை செய்ய இருபது மாதம், கசடு சீக்கிரமே மண்ணோடு உழப்பட்டிருந்தால் முப்பத்தெட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று அதே அமெரிக்க விதிகள் சொல்கின்றன. மேய்ச்சலுக்கு முப்பது நாள் போதும். இனி நம் தோட்டங்களில் காசு தருபவை எவை என்று பாருங்கள்: மஞ்சள், சின்ன வெங்காயம், நிலக்கடலை, மரவள்ளி. நான்குமே மண்ணுக்குள் விளைபவை. போதாக்குறைக்கு நிலக்கடலை மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்துச் சேர்க்கும் குணமுள்ள பயிர். வேறெங்காவது தானியக் காட்டில் பொறுத்துக்கொள்ளக்கூடிய கசடு, நம் வெங்காயக் காட்டுக்கு ஆகாது என்பதற்கு இது ஒன்றே போதும். இயற்கை விளைபொருள் என்று சான்று வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கோ கேள்வியே எழாது. அங்கத்திய விதிப்படி கசடு அறவே விலக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து தன் விளைநிலங்களில் கசடைத் தடை செய்துவிட்டது. அமெரிக்காவிலேயே மெய்ன் மாநிலம், நீர் ஒட்டாத துணிப் பூச்சுகளிலும் ஒட்டாத பாத்திரங்களிலும் பயன்படும் அழியாத ஃபுளோரின் வேதிப்பொருட்கள் கசடு வழியே நிலத்துக்கு வந்ததைக் கண்டு, 2022இல் தடை போட்டது. துணித்தொழில் நடக்கும் நாம் இதைத் தொலைவிலுள்ள செய்தியாக எண்ணிவிட முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த ஓர் ஏக்கர் சரளைக்கு என் முடிவு வேறாக இருப்பது முரண்பாடாகத் தோன்றலாம். அங்கே இன்னும் இருபது ஆண்டுக்கு யாரும் வெங்காயம் நடப்போவதில்லை. மரம்தான் வைக்க முடியும். பட்டி போட முடியாது, கொழிஞ்சி முளைக்காது, வண்டல் மட்டும் போதாது. அப்படிப்பட்ட இடத்துக்கு, வீட்டுக் கழிவிலிருந்து மட்டுமே வந்த கசடு கிடைத்து, அதைத் தென்னை நார்க்கழிவோடு சேர்த்து மட்கச் செய்ய முடிந்தால், அதைவிடப் பொருத்தமான வேறொன்று எனக்குத் தெரியவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் குவிந்து கிடக்கும் நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112க்கு 1. தனியாக மட்க வைக்க யூரியாவும் காளான் வித்தும் போட வேண்டியிருக்கிறது. கசடில் அந்த விகிதம் பத்துக்கு 1 அளவில்தான். அதோடு ஈரமும் அதிகம். உலர் எடையில் ஒரு பங்கு கசடுக்கு இரண்டு பங்கு நார்க்கழிவு சேர்த்தால் விகிதம் ஏறத்தாழ 25 ஆகி, மட்குவதற்கு ஏற்ற நிலைக்கு வருகிறது. ஈரத்தை நார் குடித்துக்கொள்கிறது. கசடில் இல்லாத சாம்பல்சத்தும் நாரிலிருந்து கொஞ்சம் கிடைக்கிறது. நாரில் உள்ள லிக்னின் என்னும் கடினமான மரப்பொருள் எளிதில் சிதையாது என்பதால், குவியல் சூடேறக் கொஞ்சம் பச்சைத் தழையும் சாணியும் சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இப்படிக் கலந்தால் கிலோவுக்கு உலோக அளவு மூன்றில் ஒன்றாகக் குறைந்து ஆய்வகக் காகிதம் அழகாக வரும், ஆனால் நிலத்துக்குப் போகும் மொத்த உலோகம் அதேதான். ஆகவே கலக்கும் முன்பு கசடைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

சுமைகூலிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பலருடைய திட்டம் இங்கேதான் கவிழ்கிறது. இயந்திரத்தில் பிழிந்த கசடிலும் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். பத்து டன் உலர்கசடு வேண்டுமென்றால் நாற்பது டன்னை ஏற்றி வர வேண்டும். கோயமுத்தூரிலிருந்து காங்கயத்துக்குச் சுமார் எழுபது கிலோமீட்டர் தூரம், முப்பது டன் சாக்கடைத் தண்ணீருக்கு லாரி வாடகை கொடுக்க எந்தச் சம்சாரிக்கும் மனம் வராது. படுகையில் நன்றாகக் காய்ந்ததை மட்டும் எடுக்க வேண்டும். கோடையில் எடுக்க வேண்டும். கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்ட, மேட்டுப்பாங்கான இடத்தில் குவிக்க வேண்டும்.

பங்காளியிடம் நான் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டதும் இவ்வளவுதான். நல்ல இரண்டு ஏக்கருக்குக் கசடு வேண்டாம். நகரச் சாக்கடை சேராத ஒரு குளத்து வண்டலை அடித்து, இந்த ஆண்டு பட்டி போட்டு, கோடை மழைக்குக் கொழிஞ்சி விதைப்பது. சரளை ஏக்கருக்கு, கசடின் பரிசோதனைக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே ஒரு லோடு. நார்க்கழிவோடு மட்க வைத்து, ஏக்கர் முழுக்கப் பரப்பாமல் மரக்குழிகளில் மட்டும் இடுவது. குழியைச் சுற்றிக் கொழுக்கட்டைப் புல் தூவுவது. அதன் பிறகு அங்கே கசடு என்ற பேச்சே கிடையாது. உலோகக் காகிதம் வர நாளாகும் என்றதால், அதற்குள் அவர் படுகையிலிருந்து ஒரு சட்டி கசடை வாங்கி வந்து, திண்ணையோரத்தில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளித்தார். எட்டாம் நாள் காலையில் போனில் கூப்பிட்டு, "அண்ணா, மூணு தக்காளி மொளைச்சிருக்குதுங்க" என்றார். குவியலைப் புரட்ட ஆள் எத்தனை வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொண்டார்.